இரவு ஒன்பது மணி மாத்திரை

அன்பு ராசாவுக்கு,

போன வாரம் நீ வந்திருந்தபோது துவைக்கத் துணி எடுக்கப் போய் நான் கொடுத்த கிட்னியை உன் உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க நீ போடும் மாத்திரைகளின் டப்பாவைப் பார்த்தேன். காலை அறைகள் எல்லாம் காலி. இரவு அறைகளில் செவ்வாய், வியாழன், வெள்ளி மாத்திரைகள் அப்படியே கிடந்தன. அன்று டாக்டரிடம் "ஒரு வேளைகூட விட்டதில்லை சார்" என்று நீ சொன்னபோது நானும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். நேரில் கேட்டால் சண்டையாகும், அதனால்தான் எழுதுகிறேன்.

வலி இல்லை, சிறுநீரும் குறையவில்லை. ஏழு வருஷமாக 1.2-லேயே நின்ற கிரியாட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறுவது) 1.9 ஆனது ஒன்றுதான் அடையாளம். கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்குப் பிறகு, உன் உடம்பு என் கிட்னிக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கியிருக்கிறது என்றார்கள். என் கிட்னி உனக்கு எப்படி ஆகாமல் போகும் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. டாக்டரிடம் கேட்டேவிட்டேன். 1954-ல் பாஸ்டனில் முதன்முதலாக மாற்றி வெற்றி கண்டது ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குள்ளாம். அவர்கள் உடம்புக்குள் வேற்றுமையே இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் பாதிதான் பொருந்தும். தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடம்பு அடையாளம் காணும் குறிகளுக்கு எச்.எல்.ஏ. என்று பெயராம். என்னுடைய எச்.எல்.ஏ.வில் ஒரு பாதி உனக்கு வந்தது. வராத பாதி உன் தாத்தாவுடையதோ ஆச்சியுடையதோ, அதைத்தான் உன் ரத்தம் அந்நியம் என்கிறது. பாவம், இருவரும் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள்.

ரத்தத்தில் மாத்திரையின் அளவு இறங்கும்போதெல்லாம் உடம்பு விழித்துக்கொள்கிறது. அப்படி உருவாகும் ஆன்டிபாடி கிட்னியின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் போய் ஒட்டி, சத்தமில்லாமல் கெடுக்கிறது. ஆரம்பத்தில் உன் உடம்பு கிட்னியை ஒருமுறை எதிர்த்தது மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசியில் அடங்கியது. இது அந்த வகை இல்லை. ஆன்டிபாடியை நீக்க ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றினாலும், தானம் கொடுத்தவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியான ஐ.வி.ஐ.ஜி.யை ஏற்றினாலும் இவ்வளவு தாமதமாக வருவதற்கு எந்த அளவு கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது, முதல் வேலை மாத்திரையைச் சரியாகப் போடுவது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இந்த ஆன்டிபாடி பிரச்சினைக்குச் சோதிக்கும் ஃபெல்சார்டமாப் என்ற புது மருந்தைப் பற்றி அக்கா அனுப்பியிருந்தாள். 2024-ல் வந்த முடிவு, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்தது 22 பேரிடம். அதை நம்பி உட்கார முடியாது.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா கொடுத்ததை வீணாக்கிவிட்டோமே என்று குறுகிப்போய் டாக்டரிடம் மறைக்கிறாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நைட் ஷிஃப்டில் ஒன்பது மணி தவறிவிடுகிறது என்று அவரிடம் உள்ளதைச் சொல். நீ போடும் டாக்ரோலிமஸ் மாத்திரையில் காலையில் ஒரே வேளை போடுகிற வகையும் இருக்கிறதாம். உனக்கு ஆகுமா என்று கேள். காலை அறையில் நீ ஒருநாளும் மிச்சம் வைக்கவில்லையே.

செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் பழக்கத்தில் காலை மாத்திரையைப் போட்டுவிடாதே, ரத்தத்தில் மருந்தின் அளவு தப்பாகக் காட்டும். கையோடு எடுத்துப் போய், ரத்தம் எடுத்ததும் போட்டுக்கொள். பருப்புப் பொடியில் உப்பைக் குறைத்திருக்கிறேன், திட்டாதே.

அம்மா