உள்ளூர் எல்லையை விரிக்குமுன் அழைப்புகளை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

தரைவழித் தொலைபேசிகளுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண் பகுதி என்ற முறைக்கு மாறலாம் என 2025 பிப்ரவரியில் டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரைத்தது. ஒரே எஸ்.டி.டி. கோடு கொண்ட இப்போதைய உள்ளூர் எண் பகுதிகள் (எஸ்.டி.சி.ஏ.) 2,600-க்கும் மேல்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு தாலுகா. ஓர் ஊரில் எண்கள் தேங்கிக் கிடக்க, இன்னோர் ஊரில் பற்றாக்குறை. ஆகவே பரிந்துரை சரியானதே. ஆனால் உள்ளூர் எல்லையை விரிக்குமுன் தொலைபேசிச் சேவையை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க மாநில ஆணையங்கள் எப்படி அளவெடுத்தன என்பதைத் தொலைத்தொடர்புத் துறை கவனிக்க வேண்டும்.

பக்கத்து ஊரைத் தனிக் கட்டணம் இல்லாத உள்ளூர் அழைப்பில் சேர்க்கும்படி அங்கே சந்தாதாரர்களே மனு கொடுக்க முடிந்தது. டெக்சாஸில் 100 பேர் அல்லது 5 சதவீதம், இவற்றில் எது குறைவோ அத்தனை கையெழுத்து போதும். இரு எக்ஸ்சேஞ்சுகளும் 22 மைலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 50 மைல் வரை என்றால், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கடைகண்ணிக்கும் அந்த ஊரையே நம்பியிருப்பதைக் காட்ட வேண்டும்.

ஃபுளோரிடாவில் இருந்த விதி இன்னும் நுட்பமானது. சிறிய எக்ஸ்சேஞ்சிலிருந்து பெரியதற்கு, இணைப்பு ஒன்றுக்கு மாதம் சராசரி 3 அழைப்புகள் போயிருக்க வேண்டும். கூடவே, பாதிச் சந்தாதாரர்களாவது மாதம் 2 முறை அழைத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். 1,000 இணைப்புள்ள ஊரில் 30 மொத்த வியாபாரிகள் ஆளுக்கு 100 முறை பேசினாலே சராசரி 3 வந்துவிடும். மீதி 970 இணைப்புகள் பேசாத அழைப்புக்குப் பணம் கட்ட நேரும்.

ஏனென்றால், எல்லை விரிந்ததும் நிறுவனம் இழக்கும் எஸ்.டி.டி. வருமானம் மாதக் கட்டணத்தில்தான் ஏறும். டெக்சாஸில் அதற்கு உச்சவரம்பு வீட்டுக்கு 3.50 டாலர், வணிக இணைப்புக்கு 7 டாலர். வாக்களித்தவர்களில் 70 சதவீதம் பேர் சம்மதித்தால்தான் விரிவாக்கம். இன்னொன்று: தனிக் கட்டணம் போனதும் அழைப்புகள் பெருகும். பழைய மாதக் கணக்கை நம்பி, எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் ட்ரங்க் லைன்களைக் கூட்டாமல் விட்டால், நெரிசல் நேரத்தில் லைனே கிடைக்காது.

நம் நாட்டில் 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடெங்கும் நிமிடத்துக்கு 1 ரூபாய் திட்டம் கொண்டுவந்த பிறகு தூரத்துக்கான கட்டணச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. மிச்சம் இருப்பது டயல் செய்யும் முறை. பரிந்துரைப்படி, அடுத்த தெருவிலுள்ள தரைவழி எண்ணுக்கும் 0, எஸ்.டி.டி. கோடு, எண் என்று முழுதாக அழுத்த வேண்டும். பல அலுவலகங்களின் உள் தொலைபேசி இணைப்பகங்களில் (இ.பி.ஏ.பி.எக்ஸ்.) எஸ்.டி.டி. பேசக்கூடாது என்று 0-வைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே இனி உள்ளூர் அழைப்பும் போகாது. லிஃப்ட் அவசரத் தொலைபேசி, தீ அலாரம் போன்றவற்றில் பதித்த பழைய எண்களுக்கு அழைப்பு சத்தமில்லாமல் நின்றுபோகும். அவை வேலை செய்யவில்லை என்பது அவசரத்தில்தான் தெரியவரும்.

எந்த இணைப்புகள் இன்னும் 0 இல்லாமல் டயல் செய்கின்றன என்பது எக்ஸ்சேஞ்ச் பதிவிலேயே இருக்கும். துறை அதை முதலில் எடுத்து, அந்தச் சந்தாதாரர்களுக்குத் தனியாகத் தெரிவிக்கட்டும். சில மாதங்களுக்கு இரு முறைகளிலும் அழைப்பு போகட்டும். பிறகு பழைய முறையில் அழைப்பவருக்கு வெறும் டோன் கேட்கக்கூடாது. தமிழில் அறிவிப்பு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தொலைபேசிப் பொறியாளர்,
திருச்சி