சுவருக்காகச் செய்த நாற்காலிகள்

அன்பு மகளுக்கு,

இங்கிலாந்தின் ஹேர்வுட் மாளிகையில் நீ எடுத்து அனுப்பிய படங்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்காலிகளையெல்லாம் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள், மனிதர் உட்கார்ந்து பேசும் வீடாகவே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த மாளிகை எழுந்த பதினெட்டாம் நூற்றாண்டின் வழக்கமே அதுதான். விருந்தினர் வந்தால் பணியாளர் நாற்காலியை நடுவே கொண்டுவந்து போடுவார்; அவர் எழுந்து போனதும் அது சுவருக்கே திரும்பிவிடும். ஆகவே உட்காருபவரைவிடச் சுவரே அதன் வடிவத்தை அதிகம் தீர்மானித்தது. பின்புறத்தைப் பார்க்க முடிந்தால் பார். பெரும்பாலும் செதுக்கலின்றி வெறுமையாகவே விட்டிருப்பார்கள்.

அந்த மாளிகையின் உள்ளறைகளை வடிவமைத்த ராபர்ட் ஆடம், 1754இல் இத்தாலிக்குச் சென்று ரோமானிய இடிபாடுகளை வரைந்து பழகி, 1758இல் திரும்பியவர். கூரையின் சுதை வேலையில் வரும் தோரணமும் பூச்சாடியும் மேசை விளிம்புக்கு இறங்கி வந்தது இப்படித்தான். முந்தைய தலைமுறையின் வளைந்த கால்கள் போய், தூணைப்போல் வரிப்பள்ளம் இட்டு, கீழே போகப்போகக் குறுகும் நேர்க்கால்கள் வந்தன. உளி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வளைவில் சிறு பிழை மறைந்துவிடும், நேர்க்காலில் மறையாது.

அங்குள்ள அறைக்கலன்களைச் செய்தவர் பக்கத்து ஊரான ஓட்லியில் 1718இல் தச்சர் மகனாகப் பிறந்த தாமஸ் சிப்பென்டேல். டயானா, மினர்வா என்ற ரோமானியத் தெய்வங்களின் உருவம் பதித்த பேழையின் படத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அதைக் ‘கொமோட்’ என்பார்கள். நம் ஊரில் அதற்கு வேறு பொருள், சிரிக்காதே. 1773இல் அதற்கு 86 பவுன் விலை எழுதினார்கள். மரத் துண்டுகளைப் பதித்து உருவம் அமைக்கும் அந்த வேலையில் இலையின் ஓரம் கருத்துத் தெரிவது மையினால் அன்று. மெல்லிய மரத் துண்டைச் சுடுமணலில் செருகி, பதமாகக் கருக்கி எடுப்பார்கள். ஒரு நொடி தாமதித்தால் துண்டு கரியாகிவிடும். இலைகளுக்கு ஊட்டிய பச்சைச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு இன்று பழுப்பாகிவிட்டது.

இதற்கெல்லாம் பணம் கொடுத்த லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம், பார்படோஸின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் சேர்ந்தது. மகோகனி மரமும் அதே கடல் தாண்டித்தான் வந்தது.

மறுமுறை போகும்போது, அந்தப் பேழையில் வெளிச்சம் எட்டாத ஓரம் எங்கேனும் பழைய பச்சையைக் காட்டுகிறதா என்று குனிந்து பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா