பரம்பரையைத் தேடுவதில் கழியும் மாதங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோ மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். மனச்சிதைவு நோய்க்கு ஆளான பிள்ளையை முதன்முறை அழைத்து வரும் பெற்றோர், மருத்துவர் எதையும் கேட்பதற்கு முன்பே, "எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் விசர் இல்லை" என்று என்னிடம் சொல்லிவிடுகிறார்கள்.

இந்நோய் பரம்பரையால் மட்டும் வருவதன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நோர்வேக்காரர்களிடம், ஊரிலிருந்தவர்களைவிட இது கூடுதலாக இருந்ததை 1932இலேயே ஓடெகார்ட் என்ற மருத்துவர் பதிவுசெய்தார். நோய்க்கூறு உள்ளவர்களே ஊரைவிட்டுக் கிளம்பியிருப்பார்கள் என்று அவர் கருதினார். அது சரியானால், வந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளைகளிடம் ஆபத்துக் குறைய வேண்டும். ஆனால் பல நாட்டு ஆய்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, அந்தந்த நாட்டு மக்களோடு ஒப்பிடுகையில் குடியேறியவர்களுக்கு 2.7 மடங்காக இருந்த ஆபத்து, அவர்களுடைய பிள்ளைகளுக்கு 4.5 மடங்காக இருந்தது. ஒதுக்கப்படுவதும், எங்கும் முழுமையாகச் சேராமல் வளர்வதும் இதற்குக் காரணமாகலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

நாங்கள் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைப் பற்றி 2015இல் வெளிவந்த ஆய்வில், குடியேறியோர் அனைவரையும் ஒன்றாக எடுத்தபோது ஆபத்துக் கூடியிருக்கவில்லை. தெற்காசிய அகதிகளிடமோ அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. அந்தச் சொல்லுக்குள் நாங்களும் அடங்குகிறோம். பொதுமக்களில் ஆண்டுக்கு லட்சத்தில் 60 பேருக்கும் குறைவானோருக்கே புதிதாக வரும் நோய் என்பதால், இதைக் கேட்டு யாரும் நடுங்கத் தேவையில்லை.

என்னை வருத்துவது, நோய் தெரிந்த பின்னும் நாங்கள் கடத்தும் காலம். என் தமக்கையின் மகன் தனக்குள் குரல்கள் கேட்பதாகச் சொல்லத் தொடங்கியபோது, சாதகம் பார்ப்பதிலும் நூல் கட்டுவதிலும் 14 மாதங்கள் கழிந்தன. அதற்குள் அவன் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டான். கட்டிய நூலை அவிழ்க்கும்படி எந்த மருத்துவரும் அவனிடம் கேட்கவில்லை. அந்த மாதங்களிலும் நூலோடு மருந்தும் சேர்ந்திருக்கலாம். நான் அருகில் இருந்தும் வற்புறுத்தவில்லை.

பெரும்பாலும் 14 முதல் 35 வயது வரையானோருக்கென, இந்நோயைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் திட்டங்கள் இம்மாகாணத்தில் இயங்குகின்றன. பலவற்றுக்குக் குடும்பத்தினரே நேரடியாகத் தொலைபேசியில் அழைக்கலாம். அவற்றின் எண்களை, எங்கள் மக்கள் தவறாமல் பார்க்கும் மரண அறிவித்தல் பக்கத்தில் வாரந்தோறும் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
ஸ்காபரோ