செயலாளரின் ஆண்டறிக்கை: பெரும் பட்டத்தை இறக்கச் சொன்னது ஏன்?

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நமது பட்டச் சங்கம் ஐந்து கூட்டங்களைக் கூட்டியது. மூன்றுக்குத்தான் போதிய ஆட்கள் வந்தார்கள். மண்டபம் தந்த வாசிகசாலையினருக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே பெரும் பட்டத்துக்கு வருகிறேன். இங்கு வந்திருப்பவர்களில் பாதிப் பேர் அதைப் பற்றி என்னுடன் சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறீர்கள்.

மார்கழிக் கடைசியில் அந்தப் பட்டத்தை இறக்கச் சொன்னது நான்தான். 12 அடி உயரம், 8 அடி அகலம். காற்றில் கூவும் நாணான விண் பூட்டி, விளக்குச் சரத்தையும் தூக்கிக்கொண்டு விடியும் வரை நிற்க வேண்டிய பட்டம். மாலை ஐந்து மணிக்கு வாடைக் காற்று மூண்டது. அதுவரை சீராகக் கூவிய விண் கீச்சிடத் தொடங்கியது. கயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். வீணைத் தந்தி போல் அதிர்ந்தது. மணல் நிரப்பிய உரப்பைகளை மூன்றடி ஆழத்தில் நங்கூரமாகப் புதைத்து அதில்தான் கயிற்றைக் கட்டியிருந்தோம். அந்த இடத்தில் மணல் மெல்ல வாய் பிளந்துகொண்டிருந்தது.

“கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்” என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நமது பட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 9 சதுர மீற்றர். மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் அது சுமார் 13 கிலோ இழுக்கும். ஒருவர் பிடித்து நிற்கலாம். 36 கிலோமீற்றரில் ஐம்பதைத் தாண்டும். 54 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் 120 கிலோ வரை போகும். இங்கிருக்கும் எவரும் அந்த எடை இல்லை, பொருளாளர் உட்பட. கார்த்திகையில் மீன் நிறுக்கும் தூக்குத் தராசைக் கயிற்றில் கொளுவிப் பார்த்தபோது 50 கிலோத் தராசின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றதை நீங்களும் பார்த்தீர்கள்.

2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கம் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. குழுவாகப் பிடித்த கயிற்றை மற்றவர்கள் விட, விடாமல் பிடித்திருந்த ஓர் இளைஞரைப் பட்டம் பல அடி உயரத்துக்குத் தூக்கிச் சென்றது. உயிர் தப்பியது அவருடைய நல்ல காலம். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்துப் பேர் பிடித்தாலும், ஒவ்வொருவராக விடும்போது கடைசி ஆளிடம்தான் முழுப் பாரமும் வந்து சேரும். ஆகவே பெரும் பட்டத்தின் கயிறு முதலில் நங்கூரத்தில் கட்டப்பட வேண்டும். அதன் பிறகே கை வைக்கலாம். கையில் சுற்றுவது அறவே கூடாது. நமது பெரும் பட்டம் நின்ற அன்று ஒரு தம்பி சுற்றினார். நைலோன் அறுத்த இரண்டு விரல்களுக்கு ஒரு மாதம் மருந்து கட்டினார்.

இறக்கிய விதத்தையும் பதிவு செய்கிறேன். எவரும் கயிற்றை இழுக்கவில்லை. நங்கூரத்துக்கு அருகே கயிற்றில் கப்பியைக் கொளுவி, கையுறை போட்ட நால்வர் அதைக் கீழே அமத்தியபடி பட்டத்தை நோக்கி நடந்தார்கள். நடக்க நடக்கப் பட்டம் தாழ்ந்தது. முக்கால் மணி நேரம் பிடித்தது. விளக்குச் சரத்தில் பாதி போய்விட்டது. பட்டத்தில் ஓர் ஈர்க்கும் முறியவில்லை.

நம் தவறும் உண்டு. காற்று மூளும் என்று தெரிந்தால் மேல் முச்சையை, அதாவது பட்டத்தின் மேற்பகுதியைக் கயிற்றோடு இணைக்கும் நூலை, இரண்டு விரல் குறுக்கச் சொல்லி நமது மூத்த பட்டக்காரர் காலையிலேயே சொன்னார். தலை முன்னே சாய்ந்தால் பட்டம் காற்றை வழியவிடும், இழுவை குறையும். அழகு கெடும் என்று நாம் கேட்கவில்லை. கயிற்றிலும் இரண்டு ஒட்டு முடிச்சுகள் இருந்தன. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரை குறையக்கூடும். இனி ஒட்டுப்போட்ட கயிறு பெரும் பட்டத்துக்கு இல்லை.

பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைப் பட்டப் போட்டிக்குப் பெட்டிப் பட்டம் ஒன்றுடன் மட்டும் போனோம். பரிசு இல்லை. அதற்கான ஏச்சை ஏற்றுக்கொள்கிறேன்.

வரும் பருவத்துக்கு ஒரு காற்றுமானியும் ஆறு சோடித் தோல் கையுறைகளும் வாங்கச் சபையின் அனுமதியைக் கோருகிறேன். மின்கம்பி இல்லாத வெளி ஒன்றையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். சங்கத்தின் கப்பி இப்போது யாரோ ஒருவருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறது. கார்த்திகைக்கு முன் அதைத் திருப்பித் தந்துவிடவும்.

இங்ஙனம்,
செயலாளர்