வக்கீல் நோட்டீஸ் வருவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியார்களின் புடவைக் கரை என்ன நிறம் என்று இப்போது எங்களுக்கு அவர்தான் சொல்கிறார். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. நீதிமன்றப் படிகளை ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். வாய்தா குறைந்தால் அதுவும் குறையும்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மகனைப் பற்றியே எழுதியிருக்கிறாய். ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்துக் கல்லூரி நண்பர்களோடு ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறான், இலவசமாகத்தான் வெளியிடப் போகிறான், செலவுக்கு மட்டும் நன்கொடை கேட்கலாமா என்று யோசிக்கிறான். “காசு வாங்காவிட்டால் தப்பில்லைதானே?” என்று கேட்டிருக்கிறாய். நீயும் நானும் மாப்பிள்ளை என்று அழைத்துக்கொள்கிற கணக்கில் அவன் எனக்கு மருமகன் முறை ஆகிறான். ஆகவே கட்டணம் கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. தப்புதான்.

காசு வாங்காதது ஒரு நல்ல வாதம், அவ்வளவே. ‘நியாயமான பயன்பாடு’ (ஃபேர் யூஸ்), அதாவது அனுமதி கேட்காமலே பயன்படுத்தக்கூடிய அளவுதான் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாட வேண்டி வந்தால் அது ஓரளவு கைகொடுக்கும். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தனிப்பட்ட பயனுக்கும், விமரிசனத்துக்கும், செய்திக்கும் சில விலக்குகள் தருகிறது. அவன் வீட்டுக் கணினியில் செய்து அவனே விளையாடினால் அந்த நிழலில் ஒதுங்க இடம் இருக்கும். உலகமே பதிவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றிவிட்டால் அது தனிப்பட்ட பயன் ஆகாது.

இலவசம் காப்பாற்றாது என்பதற்கு அவனுடைய ஸ்டார் வார்ஸிலேயே உதாரணம் இருக்கிறது. பாதியில் கைவிடப்பட்ட ‘பேட்டில்ஃப்ரன்ட் 3’ விளையாட்டுக்கு உயிர் கொடுக்கிறோம் என்று ‘கேலக்ஸி இன் டர்மாயில்’ என்ற இலவச விளையாட்டை ஒரு குழு செய்தது. 2016-இல் கணினி விளையாட்டுகளை விநியோகிக்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிட ஏற்பாடும் ஆனது. சில வாரங்களில் ஸ்டார் வார்ஸின் சொந்தக்காரரான லூகாஸ்ஃபிலிமிடமிருந்து தகவல் வந்தது, நிறுத்துங்கள் என்று. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. 2013-இலேயே ஸ்டார் வார்ஸ் விளையாட்டுகளைச் செய்யும் உரிமம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டது. பணம் கொடுத்து உரிமம் வாங்கியவன் முன்னால், பணமே கேட்காதவன் இன்னும் மோசமான போட்டியாளன். 2018 அக்டோபரில் ‘அபைரன்’ முறை. 2003-இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ விளையாட்டைப் புதுக் கருவிகளால் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் லூகாஸ்ஃபிலிமிடமிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் ரசிகர்களின் அன்பை மெச்சிவிட்டு, அதே மூச்சில் எதிர்ப்பையும் சொல்லியிருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், அதே விளையாட்டின் அதிகாரபூர்வ மறு ஆக்கம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. கிடப்பில் கிடந்த பழைய பெயர்தானே, யாருக்கு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிடப்பில் இருப்பதும் சரக்குதான்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஜேம்ஸ் பாண்ட் கதை. 1995-இல் வந்த ‘கோல்டன்ஐ’ படத்தை வைத்து ரேர் நிறுவனம் 1997-இல் நின்டென்டோ 64 என்ற விளையாட்டுக் கருவிக்கு ஒரு விளையாட்டுச் செய்தது. படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்த விளையாட்டை ஆடியிருப்பார்கள். எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ரசிகர்கள் அதை இரண்டு விதமாகப் புதுப்பிக்கப் பார்த்தார்கள். பலர் சேர்ந்து ஆடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்ட ‘கோல்டன்ஐ: சோர்ஸ்’ 2005-இல் தொடங்கியது. ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டின் மேல் ஏறி ஓடும் இணைப்பு அது. பத்து ஆண்டுக்கு மேல் உழைத்து 2016-இல் ஐந்தாம் பதிப்பு வெளியிட்டார்கள். யாரும் அதை நிறுத்தவில்லை. தனியாள் ஆடும் கதைப் பகுதியை அன்ரியல் என்ஜின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் திரும்பச் செய்ய முனைந்த ‘கோல்டன்ஐ 25’ குழு, 25-ஆவது ஆண்டான 2022 ஆகஸ்டில் வெளியிடுவதாக இருந்தது. 2020 ஆகஸ்டிலேயே பாண்டின் உரிமையாளர்களான எம்ஜிஎம் நிறுவனமும் டான்ஜாக் நிறுவனமும் நோட்டீஸ் அனுப்பிவிட்டன.

இரண்டும் ஒரே படம், ஒரே பாண்ட், சட்டத்தின் கண்ணில் ஒரே குற்றம். ஒன்றை விட்டார்கள், ஒன்றைப் பிடித்தார்கள். இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை தேடினால் கிடைக்காது. உரிமையாளரின் பொறுமை எவ்வளவு, திட்டம் எவ்வளவு சத்தம் போடுகிறது, தங்களுடைய அடுத்த வியாபாரத்துக்கு எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது. நான் சொல்ல வருவது இதைத்தான்: உன் மகன் நம்பியிருப்பது சட்டத்தை அல்ல, முன்பின் தெரியாத ஒருவருடைய மனநிலையை.

அந்த விளையாட்டின் உரிமை எத்தனை பேரிடம் சிதறிக் கிடந்தது என்றும் பார். ரேரை 2002-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. வெளியிட்டது நின்டென்டோ. பாண்ட் எம்ஜிஎம்மிடமும் டான்ஜாக்கிடமும். ரேரே மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக ஏறக்குறைய முடித்து வைத்திருந்த புதுப்பதிப்பு இந்த இழுபறியில் வெளிவராமலே போனது. பழைய விளையாட்டு முறைப்படி மறுபடி வந்ததே 2023 ஜனவரியில்தான். செய்தவர்களுக்கே அனுமதி கிடைக்காத இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் யாரிடம் போய் அனுமதி கேட்பார்கள்?

“படத்தையோ பாட்டையோ எடுக்கவில்லை, எல்லாம் நாங்களே வரைந்தது” என்பான். சொன்னானா இல்லையா? 1998-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வாதத்தைக் கேட்டது. ‘டியூக் நியூக்கம் 3டி’ விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த 300 கட்டங்களை (‘லெவல்’களை) தொகுத்து மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் விற்றது. அந்தக் கோப்புகளில் மூல விளையாட்டின் ஓவியம் ஒன்றுகூட இல்லை; எதை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருந்தன. ஆனாலும் அவை டியூக்கின் கதையைத் தொடர்கின்றன, தொடர்ச்சி எழுதும் உரிமை மூலத்தின் சொந்தக்காரருக்கே என்று தீர்ப்பானது. 2015-இல் அதே நீதிமன்றம் பேட்மேன் ஓட்டும் காரும் பதிப்புரிமைக்குட்பட்ட கதாபாத்திரம்தான் என்றது. நகல் கார்களைச் செய்து விற்றவர் தோற்றார். காருக்கே இந்த மரியாதை என்றால், நீ எழுதியிருக்கிற விண்கலங்களையும் ஒளிவாளையும் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நன்கொடைக்கு வருகிறேன். ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் ‘ஆக்ஸனார்’ என்ற படத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்களான பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன, 2017 ஜனவரியில் சமரசமானது. இடையில் 2016-இல் ரசிகர் படங்களுக்கென்று விதிகள் வெளியிட்டார்கள்: பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது, இரண்டு பகுதியானாலும் மொத்தம் அரை மணி நேரம், திரட்டும் பணம் 50,000 டாலருக்குள். அதாவது ரசிகர்களுக்கு ஒரு திண்ணை ஒதுக்கினார்கள். ஆனால் அது படங்களுக்கு மட்டும். ஸ்டார் ட்ரெக்கில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்குள் கணினியில் நடந்து பார்க்கும்படி ‘ஸ்டேஜ் 9’ என்ற திட்டத்தை இலவசமாகச் செய்து வந்தவர்களை 2018 செப்டம்பரில் சிபிஎஸ் நிறுத்தச் செய்தது. வேண்டுமென்றே கெடுத்தவர்கள் அல்ல அவர்கள். அந்தக் கப்பலின் ஒவ்வொரு நடைபாதையையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். எனக்கு இதில் கோபம்தான், தொழில்முறைக் கோபம் அல்ல, சொந்தக் கோபம்.

நிறுவனங்கள் மீதும் முழுப் பழியைப் போட மாட்டேன். ஆனால் இலவச விளம்பரத்தைச் சில ஆண்டு அனுபவித்துவிட்டு, பிள்ளைகள் முக்கால் வேலையை முடித்த பிறகு நோட்டீஸ் அனுப்புவதை நாகரிகம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சட்டம் அதையும் அனுமதிக்கிறது. நிலம் என்றால் பன்னிரண்டு ஆண்டு பேசாமல் இருந்தவனிடம் அனுபவ பாத்தியதை பேசிப் பார்க்கலாம். பதிப்புரிமையில் அந்தப் பேச்சே இல்லை. எம்ஜிஎம்முக்கு எதிரான பெட்ரெல்லா வழக்கில் 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: பல ஆண்டு சும்மா இருந்தாலும், கடைசி மூன்றாண்டு மீறலுக்கு நஷ்டஈடு கேட்கலாம். அந்த வழக்கில் பதினெட்டு ஆண்டு சும்மா இருந்து வழக்குப் போட்டது எழுத்தாளரின் மகள், எதிரி எம்ஜிஎம். பெரியவர்களுக்கும் அந்தக் கத்தி பாயும் என்பது சிறு ஆறுதல்.

சரி, என்ன செய்வது? ‘கோல்டன்ஐ 25’ பிள்ளைகள் செய்ததைச் செய்யச் சொல். பாண்டைக் கழற்றிவிட்டு, கட்டியதை வைத்துக்கொண்டு, ‘புராஜெக்ட் இயானஸ்’ என்று சொந்தக் கதையாக மாற்றினார்கள். ‘கேலக்ஸி இன் டர்மாயில்’ குழுவும் ஸ்டார் வார்ஸை உரித்துப் போட்டுவிட்டுத் தொடரத்தான் முடிவெடுத்தது. விண்வெளியில் நடக்கும் போர் யாருடைய சொத்தும் அல்ல. அனுபவமுள்ள கிழவர் இளைஞனுக்குக் கற்றுக்கொடுப்பதும் அல்ல. அந்தத் தலைக்கவசம், அந்தப் பெயர்கள், அந்த வாளின் ஒலி, மேலேறிப் போகும் மஞ்சள் எழுத்து, இவைதான் சொத்து. நோட்டீஸ் வந்தபின் மாற்றுவதைவிட இப்போதே மாற்றுவது மலிவு. மூன்றாண்டு உழைப்பு ஒரே நாளில் இணையத்திலிருந்து இறங்கும் துக்கமும் இருக்காது.

அவன் எழுதியிருக்கும் கதைச்சுருக்கத்தையும் பாத்திரங்களின் படங்களையும் எனக்கு அனுப்பச் சொல். எவற்றை அடிக்க வேண்டும், எவை தப்பும் என்று சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறேன். நன்கொடைப் பக்கத்தை அதுவரை திறக்க வேண்டாம். என்னோடு நேரில் சண்டை போட நினைத்தால் பொங்கல் விடுமுறைக்கு நீ வரும்போது அவனையும் அழைத்து வா. அவன் அத்தைக்கும் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்