ஹார்லமில் வெண்டைக்காய் வதக்கித் தந்த அக்காவுக்கு

போன புரட்டாசி சனிக்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடு நியூயார்க் ஹார்லமில் ஒரு சோல் ஃபுட் கடை, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் பாரம்பரியச் சாப்பாட்டுக் கடை, வாசலில் நின்றேன். 1962ல் சில்வியா வுட்ஸ் என்பவர் தன் பெயர்பெற்ற சோல் ஃபுட் உணவகத்தைத் தொடங்கிய அதே லெனாக்ஸ் அவென்யூ பக்கம்தான், இது வேறு கடை. நீண்ட வரிசை. அம்மாவுக்கு முட்டிவலி, பசி வேறு.

நீங்களாகவே உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டீர்கள்.

அப்புறம், கீரைதானே என்று காலர்ட் கீரையும் காராமணியும் சொன்னேன். "அம்மாவுக்கு அசைவம் வேண்டாம்" என்று நாங்கள் வாசலில் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுதுவதை நிறுத்திவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னீர்கள்: "இரண்டிலும் புகைபோட்ட பன்றிக்கறி போட்டுத்தான் வேகவைப்போம்." எனக்குத் திக்கென்றது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் தெரியவில்லை, வெட்கம்தான்.

அடுப்படிக்குப் போய்ச் சொல்லி, தனிச் சட்டியில் தக்காளி போட்டு வதக்கிய வெண்டைக்காயும், பட்டை மணக்கும் இனிப்புச் சர்க்கரைவள்ளியும் கொண்டுவந்தீர்கள். "நம்ம வீட்டு வெண்டைக்காய்டா" என்றார் அம்மா. தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்துதான் பில்லைப் பார்த்தேன். அதில் வெண்டைக்காய் இல்லை.

பெயர் கேட்காமல் வந்துவிட்டேன், அக்கா. வெள்ளிக் கம்மல், இடது காதில் செருகிய பேனா. அந்தப் பக்கம் சாப்பிடப் போகும் தமிழர் யாராவது இவரைப் பார்த்தால், அம்மா நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்.