காட்ஸர் கணவாயில் கைகொடுத்தவர்களுக்கு

காஷ்மீரில் சோனாமார்க் பக்கம் ஏறி நாரநாகில் இறங்கும் ஏரிப் பாதை கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். அதை முடித்துக்கொண்டு திருச்சி வந்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நீங்களேவா நடந்தீங்க?" என்று கேட்கிறார்கள். நடந்தது நான்தான். ஆனால் விஷன்ஸர் ஏரியில் இருந்து காட்ஸர் ஏரிக்குப் போன அந்த ஒரு நாளை என் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி உள்ளூரிலேயே. 54 வயதில் மலை ஏறப் போகிறேன் என்று நான்கு மாதம் உச்சிப்பிள்ளையார் கோவில் படி ஏறிப் பழகினேன். 400க்கு மேல் படிகள். அடிவாரத்தில் என் செருப்பைப் பார்த்துக்கொண்ட பூக்கார அக்கா, ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் "நேத்து எங்க போன?" என்று பிடித்துக்கொள்வார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி நாள் போனேன். விடியற்காலையில் தானே காபி போட்டுக் குடித்து, என் மாமியாருக்கும் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. அவரை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இதில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. கோவில் படியை வெறுங்காலில்தானே ஏறுவோம்? ஆறு வருடத்துக்கு முன் கொடைக்கானல் போக வாங்கிய ஷூ அதுவரை பரணில், பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. புதுசு மாதிரி இருக்கிறதே என்று அப்படியே எடுத்துப் போய்விட்டேன்.

விஷன்ஸர் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிஷன்ஸர் கரையைத் தாண்டிச் செங்குத்தாக ஏறினால் காட்ஸர் கணவாய், ஏறக்குறைய 4,200 மீட்டர். இந்தப் பாதையின் உச்சம் அதுதான். கடல்மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனில் அறுபது சதவீதம்தான் அங்கே கிடைக்கும். பத்து அடி வைப்பேன், நிற்பேன். கொச்சியில் இருந்து வந்திருந்த இரண்டு பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் என் பையை வாங்கி ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். "ஆன்ட்டி, மெல்லெ மதி" (மெதுவாப் போனாப் போதும்) என்று அவர்களில் அந்தப் பெண் சொன்னதை இப்போது மாடிப்படி ஏறும்போதுகூடச் சொல்லிக்கொள்கிறேன். மேலே போய்த் திரும்பினால் இரண்டு ஏரியும் அடுத்தடுத்துத் தெரிகின்றன. கிஷன்கங்கா ஆறு அந்தப் பக்கத்தில்தான் பிறக்கிறது. எல்லைக்கு அப்பால் அதற்கு நீலம் என்று பெயராம். மேலிருந்து பார்த்தவளுக்கு வேறு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

இறக்கத்தில் இடது கால் டப் டப் என்றது. குனிந்து பார்த்தால் ஷூ வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. உள்ளே இருந்த மெத்தென்ற பகுதி, காபியில் நனைத்த ரஸ்க் மாதிரி விரலில் உதிர்ந்தது. (அது பாலியூரித்தேனாம். போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றிலேயே இற்றுப்போகும் என்று ஊருக்கு வந்த பிறகு தைக்கிறவர் சொன்னார்.) எங்கள் வழிகாட்டித் தம்பி டேப் சுற்றினார். கல் அதை அரை மணி நேரத்தில் அறுத்துவிட்டது. என்னைக் குதிரையில் ஏற்றிவிட்டிருந்தால் அவருக்கு வேலை சுலபம், நேரமும் மிச்சம். அவரோ "நடக்கணுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். சரி என்று உட்கார்ந்துவிட்டார். தம்பி, அந்தக் கேள்விக்கு நன்றி.

கடைசியாக வந்த குதிரைக்கார அண்ணன், கம்பளிக் குல்லாயின் மடிப்பில் இருந்து ஒரு கோணி ஊசியை உருவினார். சேணம் கிழிந்தால் தைக்க வைத்திருப்பது. நைலான் நூலைக் கோத்து, ஷூவை முழங்காலில் கவிழ்த்து, ஊசியின் பின்பக்கத்தைத் தட்டைக் கல்லால் தட்டித் தட்டி ரப்பருக்குள் இறக்கினார். ஒவ்வொரு தையலுக்கும் நூலைப் பல்லால் இழுத்து இறுக்கினார். பதினோரு தையல். எண்ணினேன், சுற்றிலும் பூ மண்டிக் கிடக்கிற புல்வெளியில் எனக்கு வேறு வேலை இல்லை. மார்மட் என்கிற குண்டு அணில் ஒன்று பாறை மேல் நின்று எங்களைப் பார்த்து விசில் அடித்துக்கொண்டிருந்தது. பணத்தை நீட்டினேன். கையை நெஞ்சில் வைத்துத் தலையை அசைத்துவிட்டுக் குதிரை பின்னால் போய்விட்டார்.

காட்ஸரில் ஆகஸ்டிலும் பனிப்பாளம் மிதந்தது. காட் என்றால் மீன், ஸர் என்றால் ஏரி. மீனை நான் பார்க்கவில்லை, என் பார்வை முழுக்கத் தையல் மேல்தான்.

ஏரியைத் தாண்டி ஒரு பக்கர்வால் குடும்பம். கோடையில் ஜம்மு பக்கத்தில் இருந்து ஆடுகளோடு ஏறி வந்து, குளிருக்கு முன் இறங்கிவிடுகிறவர்கள். நொண்டிக்கொண்டு போன என்னை அந்த வீட்டு அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு கோப்பை தேநீர் வந்தது. இனிப்பு என்று நினைத்து ஆவலாக ஒரு வாய் குடித்தேன். உப்பு! என் முகம் போன போக்கைப் பார்த்து வீடே சிரித்தது. நூன் சாய், நூன் என்றால் உப்பு. பச்சைத் தேயிலையைச் சோடா உப்பு போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டுப் பால் சேர்த்தால் அந்த நிறம் வருகிறது. நாளெல்லாம் வியர்த்த உடம்புக்கு இரண்டாவது வாயில் அது பிடித்துப்போனது. சோள ரொட்டியோடு இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினேன். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் ஏது? எத்தனை பிள்ளைகள் என்று விரலால் கேட்டார். நான் இரண்டு காட்டினேன். அவர் ஐந்து.

அப்புறம் ராணுவச் சாவடி. ஆதார் அட்டை இருந்த பை கொச்சிப் பிள்ளைகளோடு முன்னால் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை உட்கார நாற்காலி போட்டு, கொப்புளத்துக்குப் பிளாஸ்டரும் கொடுத்த ஜவானுக்கு நன்றி. ஷூவைப் பார்த்துச் சிரித்ததை மன்னித்துவிட்டேன்.

அன்று இரவு வலது ஷூவும் வாயைப் பிளந்தது. சமையல்காரத் தம்பி தன் கேன்வாஸ் ஷூவைக் கொடுத்தார். ஒரு எண் பெரிது, இரண்டு சாக்ஸ் போட்டு, மீதி இருந்த சத்ஸர், கங்காபல் ஏரிகளுக்கும் அதில்தான் நடந்தேன். தம்பி, நாரநாகில் வேன் கிளம்பிய அவசரத்தில் அதையே மாட்டிக்கொண்டு திருச்சி வரை வந்துவிட்டேன். துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று வழிகாட்டித் தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள். கூடவே குதிரைக்கார அண்ணனின் கால் அளவையும்.